எட்டு ரத்தச் சீட்டு

அப்பாதுரையின் வயிற்றில் ஏதோ துடிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, அவன் பெண்டாட்டி கிளியம்மாள்தான். ஒரு சனிக்கிழமை காலை, கிணற்றடியில் பலகை போட்டு உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். தாம்பரம் டிப்போவில் பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க இஞ்சின் சூட்டில் வேகிற உடம்பு. வாரம் ஒரு தரம் நல்லெண்ணெய் வைக்காவிட்டால் கண்ணெல்லாம் எரிகிறது என்று வீட்டை இரண்டு பண்ணுவான். தலை, தோள், முதுகு முடித்து வயிற்றுக்கு வந்தவள் தொப்புளுக்கு மேலே கை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“இன்னாய்யா இது, உள்ள எதுவோ எகிறுது?”

“பசி. நீ நேரத்துக்கு நாஸ்டா போட்டாத்தான?”

“பசிக்கு எவனுக்குய்யா இப்படி எகிறும்? நீயே கைய வெச்சிப் பாரு.”

வைத்துப் பார்த்தான். நெஞ்சில் அடிக்க வேண்டியது வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் கிண்டல் பண்ணவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு டாக்டர், பல்லாவரத்தில் ஒரு ஸ்கேன் என்று அலைந்து கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் போய் நின்றார்கள். அங்கிருந்த சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். இதயத்திலிருந்து கீழே இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் வயிற்றுக்குள் ஓரிடத்தில் உப்பிவிட்டது. ஆறரை சென்டிமீட்டர். வெடித்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் இருக்காது. வயிற்றைத் திறந்து, அந்த இடத்தில் துணியால் நெய்த குழாய் ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். பீடியை இன்றோடு விட வேண்டும்.

கிளியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாதுரைக்குப் புரிந்துவிட்டது.

“டயர்ல சைடுல முட்ட வுடும் பாரு, அதான்டி. அத்த வெச்சிகினு வண்டிய எடுக்கறவன் லூசு” என்றவன், சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து டாக்டர் மேஜைக்கு அடியிலிருந்த குப்பைக்கூடையிலேயே போட்டான்.

“எட்டுப் பேர் வந்து ரத்தம் கொடுத்தாதான் தேதி” என்றார் சர்ஜன். “எந்த குரூப்பா இருந்தாலும் பரவாயில்லை. அதை நாங்க வாங்கி வெச்சிக்கிட்டு, உங்களுக்கு வேண்டிய குரூப்பை மாத்திக் கொடுத்துடுவோம்.”

“எட்டுப் பேருக்கு இன்னா சார், என் டீம்லயே பன்னண்டு பேர் கீறானுங்க” என்றான் அப்பாதுரை. நோயாளிக்கு வரக்கூடாத ஒரு பெருமை அவன் குரலில் வந்தது.

அந்த டீமைப் பற்றிச் சொல்லாமல் அப்பாதுரையைப் பற்றிச் சொல்ல முடியாது. கோவிலம்பாக்கம் தாண்டி மேடவாக்கம் போகிற வழியில், ஏரியை ஒட்டி, சித்தேரிப்பாக்கம் என்று ஒரு ஊர். நெல் விளைந்த நிலத்தில் பாதி அந்த ஆண்டுகளில் கல் நட்ட மனையாகிவிட்டது. அப்பாதுரை தன் ஒன்றரை ஏக்கரை விற்கவில்லை. ரோட்டை ஒட்டிய பாகத்தில் மண் கொட்டி கபடி கிரவுண்டு ஆக்கினான். பிள்ளை குட்டி இல்லாதவன். தம்பி சிட்டிபாபுதான் கேப்டன். அப்பா செத்த பிறகு பத்து வயதிலிருந்து அப்பாதுரையும் கிளியம்மாளும் வளர்த்த பையன் அவன். பனியன், நிக்கர், தோற்றுப்போய் வந்தால் கோழிக்குழம்பு, ஜெயித்து வந்தால் இரட்டைக் கோழிக்குழம்பு. குழம்பு வைத்த கை கிளியம்மாளுடையது.

நிலத்தின் இன்னொரு ஓரமாக ஒரு நடைபாதை ஓடியது. ஏரிக்குக் கீழே இருக்கிற காலனிக்காரர்கள் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு வரும் பாதை. இந்த வழியில் வந்தால் ஐந்து நிமிஷம். ஏரிக்கரையைச் சுற்றினால் அரை மணி, மழைக்காலத்தில் முழங்கால் சேறு. காலனியில் இருந்த அசரியா, அப்பாதுரை ஓட்டும் பஸ்ஸுக்குக் கண்டக்டர். ஒன்பது வருஷமாக ஒரே வண்டி. தாம்பரத்துக்கும் பாரிமுனைக்கும் நடுவில் இருவரும் ஒரே டீயை ஆளுக்குப் பாதி குடிப்பார்கள். ஊருக்குள் வந்துவிட்டால் அசரியாவுக்கு வாசல் நாற்காலி, கண்ணாடி கிளாஸ். வீட்டில் மற்ற எல்லாருக்கும் எவர்சில்வர். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கிளியம்மாளும்தான் அந்த கிளாஸை ஒன்பது வருஷமாகத் தனியாகக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஆடி மாசம் வியாழக்கிழமை ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ரத்தம் கொடுத்தாக வேண்டும். காலை ஏழு மணிக்கே கிளியம்மாள் ரத்த வங்கி வாசலில் போய் நின்றாள். கையில் எட்டுப் பேருக்கும் தூக்குச்சட்டி நிறைய எலுமிச்சை சாதம். பதினொரு மணிக்கு சிட்டிபாபு வந்தான். தனியாக வந்தான்.

“பசங்க எங்க?”

“அண்ணி, கொஞ்சம் இப்படி வாயேன்.” ஓரமாகக் கூட்டிப்போனான். “ஞாயித்துக்கிழம படப்பைல மேட்சு. தெரியுமில்ல? கோயில் திருவிழா. அம்பத்தூர் டீம் வர்றான்.”

“அதுக்கு?”

“ரத்தம் குடுத்தா தம் நிக்காது அண்ணி. ஒரே மூச்சுல பாடிகினு போயி திரும்பணும். ரத்தம் போச்சுன்னா நடுக்கோட்டுலயே மூச்சு வுட்டுடுவானுங்க. பசங்க பயப்படறானுங்க.”

“நீ?”

சிட்டிபாபு கீழே பார்த்தான்.

“நான்தான் மெயின் ரைடர்.”

“டேய், உங்கண்ணன் வயித்துல வெடிகுண்டு மாதிரி வெச்சிகினு படுத்துகினு கீறாருடா.”

“நான் இல்லன்னா சொன்னேன்? மேட்சு முடிஞ்சி திங்கக்கிழம பன்னண்டு பேரும் வந்து குந்தறோம். நாலு நாளு தள்ளி வெக்க சொல்லு. டாக்டருங்க சும்மா பயமுறுத்துவாங்க அண்ணி.”

அவள் உள்ளே ஓடிப்போய்க் கேட்டாள். இன்றைக்கு ரத்தம் இல்லையென்றால் வியாழக்கிழமை வேறு நோயாளிக்குப் போய்விடும், அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து என்றார்கள். திரும்பி வந்து பார்த்தபோது சிட்டிபாபு இல்லை. பயிற்சிக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது. தான் ஊட்டி வளர்த்த கையும் காலும் தன்னை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகும் என்று கிளியம்மாள் நினைத்ததே இல்லை. அந்த எலுமிச்சை சாதத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

யாரைத் தெரியும் அவளுக்கு இந்தப் பட்டணத்தில்? தெரிந்தது ஒரே ஒரு பஸ். எதிர்ப்பக்கத்து ஸ்டாப்பில் போய் நின்றாள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றபிறகு அந்த பஸ் வந்தது. வேறு டிரைவர். பின்படியில் அசரியா, காதில் பென்சில், கையில் விசில்.

“இன்னாக்கா இங்க நிக்கிறீங்க? ரத்தம் குடுத்தாச்சா?”

அவள் சொல்லி முடிப்பதற்குள் பஸ் சைதாப்பேட்டை தாண்டிவிட்டது. அசரியா டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டான்.

“நீங்க கிண்டில எறங்கி எலக்ட்ரிக் டிரெயின புடிச்சி ஆஸ்பத்திரிக்கே போங்க. நான் டிப்போல பைய ஒப்படைச்சிட்டு வந்துடறேன்” என்றான்.

நாலரை மணிக்கு வந்தார்கள். அசரியாவும் அவனோடு ஏழு பேரும். கல்குவாரியில் லோடு ஏற்றுகிறவர்கள் நாலு பேர், அப்படியே வேலை வேட்டியோடு. பெயின்டர் ஒருவன், கையெல்லாம் பச்சைச் சுண்ணாம்பு. அசரியாவின் மச்சான். ஏழாவதாக வந்த கிழவனாரை எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எட்டுக்கு ஒன்று குறைந்தது. அப்போது அவர்களுக்குப் பின்னால் குடத்தில் தண்ணீரோடு வந்திருந்த தபீதா, அசரியாவின் பெண்டாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறி நின்றாள்.

“ஐம்பத்தொண்ணு. எயுதிக்கம்மா” என்றாள் நர்ஸிடம்.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டார்கள். கிளியம்மாள்தான் பரிமாறினாள். அசரியா எட்டு இளஞ்சிவப்புச் சீட்டுகளை அவளிடம் கொடுத்தான். ஒவ்வொன்றிலும் பேர், ஊர், தேதி.

“வார்டுல காட்டிட்டு பத்திரமா வெச்சிக்கங்க. அப்பால ஒண்ணு. அண்ணனாண்ட இப்ப சொல்லாதீங்க. பசங்க வரலன்னு தெரிஞ்சா மனசு வுட்டுடுவாரு. தேறட்டும், சொல்லிக்கலாம்.”

கிளியம்மாள் தலையாட்டினாள். அந்தச் சொல் அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைப் பிற்பாடு பல தடவை நினைத்துக் குமைந்தாள்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். மறுநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தபோது, மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒன்று, கழுத்தில் ஒன்று. நர்ஸ் மணிக்கு ஒரு தரம் வந்து அவன் பாதத்தைத் தொட்டு நாடி பார்த்தாள். வயிற்றில் வைத்த குழாய் வழியாகக் காலுக்கு ரத்தம் போகிறதா என்று அதில்தான் தெரியுமாம். வாய்க்குழாயை எடுத்ததும் அப்பாதுரை கேட்ட முதல் கேள்வி, “பசங்க வந்தானுங்களா?”

“வந்தானுங்க.”

அவன் கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. அதைத் துடைத்துவிட்டபோது செய்தது சரிதான் என்றே அவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு ஐந்து நாள் வார்டே ஒரு காரியத்துக்காகக் காத்திருந்தது. குடல் விழித்துக் காற்றுப் பிரிந்தால்தான் வாய்க்குத் தண்ணீர். டாக்டர் வந்தால், “பிரிஞ்சுதா?” நர்ஸ் வந்தால், “பிரிஞ்சுதா?” பக்கத்துக் கட்டில்காரன்கூடக் காலையில் எழுந்ததும் அதைத்தான் கேட்டான். ஆறாம் நாள் மத்தியானம் பிரிந்தது. வார்டு முழுக்கச் சிரித்தது. கிளியம்மாள் ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு இரும வேண்டும். பாதி தண்ணீர் ஊற்றிய குளுக்கோஸ் பாட்டிலில் ரப்பர் குழாயை விட்டுக் கொப்புளம் வர ஊத வேண்டும். நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க அதுதான் வைத்தியம்.

“சிட்டிபாபு பாத்தா சிரிப்பான். நான் இப்ப தம் கட்டறேன் பாரு” என்று ஊதினான் அப்பாதுரை.

சிட்டிபாபு ஒன்பதாம் நாள் வந்தான், படப்பையில் ஜெயித்த கோப்பையோடு. அப்பாதுரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “என் ஒடம்புல இப்ப உங்க ரத்தம்டா ஓடுது” என்றான். சிட்டிபாபு ஒரு நொடி கிளியம்மாளைப் பார்த்தான். அவள் மறுத்துச் சொல்லவில்லை என்று தெரிந்ததும், “அத்த வுடுண்ணா, உனக்கு குடுக்காம யாருக்கு குடுக்கப் போறோம்” என்றான். கூசாமல் சொன்னான். கிளியம்மாளுக்கு அந்தக் கோப்பையை வாங்கி ஜன்னல் வழியாக எறியத் தோன்றியது. ஆனால் அவன் உட்கார்ந்திருந்த பொய், அவள் போட்டுக்கொடுத்த பலகை.

வீடு திரும்பிய பிறகு அசரியா வாரம் ஒரு தரம், ஓய்வு நாளில் வந்தான். டிப்போ சேதி, புது டிரைவர் கிளட்சைத் தேய்க்கிற சேதி, மருத்துவ லீவு நீட்டித்த சேதி. ஒரு தடவை கிளியம்மாள் அவனுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். அப்பாதுரை டம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்தான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஏரி ரொம்பியது. அந்த வாரத்தில்தான் சிட்டிபாபு பேச்சை எடுத்தான். பொங்கலுக்கு மாவட்ட அளவில் போட்டி நடத்தலாம், ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போதே காலனி ஜனம் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறது, வெளியூர்க்காரன் பார்த்தால் என்ன நினைப்பான், கல் நட்டு முள்கம்பி போட்டுவிடலாம் என்றான்.

“அப்ப அவங்க பாத?” என்றாள் கிளியம்மாள்.

“ஏரிக்கர கீதே அண்ணி.”

அப்பாதுரை ரொம்ப யோசிக்கவில்லை. “ரத்தத்தையே குடுத்தவனுங்க. ஒரு வேலி கேட்டா இல்லன்னா சொல்ல முடியும்? போட்டுக்கடா” என்றான்.

வெள்ளிக்கிழமை மாட்டுவண்டியில் கருங்கல் தூண்கள் வந்து இறங்கின. முதல் நாலு குழிகளையும் தோண்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பி கட்டுவதாக ஏற்பாடு.

நடுவில் சனிக்கிழமை. மூன்று மாசம் ஆகிவிட்டது, இனி எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழை விட்டிருந்தது. கிளியம்மாள் கிணற்றடியில் பலகையைப் போட்டாள், அடுப்பில் வெந்நீர் வைத்தாள், சீயக்காய் கரைத்தாள். மாத்திரை டப்பாவின் அடியிலிருந்து எட்டுச் சீட்டுகளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனிச் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன?

நெஞ்சுக்குக் கீழே தொடங்கித் தொப்புளைச் சுற்றிக்கொண்டு இறங்கியது தழும்பு. அதன்மேல் பட்டும் படாமலும் எண்ணெய் வைத்தாள்.

“ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“உனக்கு ரத்தம் குடுத்தது உன் தம்பியும் இல்ல, உன் டீமும் இல்ல. ஒருத்தன் வரல. மேட்சு கீது, தம் நிக்காதுன்னு போய்ட்டான் சிட்டிபாபு. குடுத்தது அசரியாவும் காலனி ஜனமும். தபீதா உள்பட எட்டுப் பேரு. நான்தான் உன்னாண்ட பொய் சொன்னேன். தோ பாரு, சீட்டு.”

அவன் சீட்டுகளை வாங்கவில்லை. கண்ணை மூடியபடியே இருந்தான்.

“தெரியும்” என்றான்.

“இன்னா தெரியும்?”

“நீ இளநி வாங்கப் போனப்ப நர்ஸு சொல்லிச்சி. ‘உங்க கண்டக்டர் தங்கமான மனுசன், எட்டுப் பேர இட்டாந்தாரு’ன்னு.”

கிளியம்மாளின் கை நின்றது.

“அப்பவே தெரிஞ்சிகினா சிட்டிபாபு கைய புடிச்சிகினு அழுத?”

“வேற இன்னா பண்ணச் சொல்ற? ரத்தம் யாரு குடுத்ததுன்னு ஊருல எம்மாம் பேரு கேட்டானுங்க. தம்பி கைவுட்டுட்டான், காலனிக்காரன் காப்பாத்தினான்னு சொல்லிகினு திரிய சொல்றியா? நாளைக்கு எனக்கு கொள்ளி போடறவன் அவன்டி.”

“அப்ப அந்த பாதைய…”

“அசரியா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டான். நல்லவன்.”

“நல்லவன்னா அவன் வவுத்துல அடிப்பியா?”

அப்பாதுரை இப்போது கண்ணைத் திறந்தான். சொல்ல வேண்டியதை ஏற்கனவே பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தவனைப்போலச் சொன்னான்.

“தபாரு கிளி, டாக்டரு அன்னிக்கே சொன்னாரு. மாத்தித்தான் குடுப்பாங்க. நானும் நர்ஸ கேட்டு தெரிஞ்சிகினேன். அவங்க ரத்தம் வேற யாருக்கோ போச்சு. என் ஒடம்புல ஏறினது வேற எவனோடதோ. அவங்க ரத்தம் ஒரு சொட்டு எனக்குள்ள கெடையாது. அப்பறம் இன்னா?”

அவள் கை இன்னும் அவன் வயிற்றின் மேலேயே இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் கையைத் தூக்கியடித்த இடம். இப்போது அசைவே இல்லை. டாக்டர் ஒழுங்காகத் தைத்திருந்தார். தம்பி ஏமாற்றியபோது அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்போது ஆத்திரம்கூட வரவில்லை, உள்ளே எல்லாம் விட்டுப்போனது. மூன்று மாசமாக இந்த ஆளின் மனசு நோகக் கூடாது என்று ஒரு பொய்யைப் பொத்திப் பொத்திக் காத்தாளே, அதே பொய்யின் அடியில் இவன் சுகமாகப் படுத்துக்கிடந்திருக்கிறான்.

எழுந்தாள்.

“தே, எங்க போற? தலைல எண்ண வெச்சிட்டு?”

“வெந்நி கொதிக்குது. நீயே வெளாவி ஊத்திக்க.”

“எண்ண கண்ணுல எறங்குதுடி!”

அவள் திரும்பவில்லை. தோட்டத்துப் படலைத் தள்ளிக்கொண்டு நிலத்தில் இறங்கி, தூண்கள் கிடந்த பக்கம் நடந்தாள். குழிகளில் மழைத்தண்ணீர் நின்றது. எதிரே காலனிப் பக்கமிருந்து அசரியா வந்துகொண்டிருந்தான். காக்கி யூனிஃபாரம், தோளில் பை, மத்தியான ஷிஃப்ட். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

“இன்னிக்கு அண்ணனுக்கு எண்ணெ குளியல் இல்ல? ஆச்சாக்கா?”

எண்ணெய்க் கையோடு இடுப்பிலிருந்த சீட்டுகளை எடுத்து நீட்டினாள். எண்ணெய் ஊறிப் பேரெல்லாம் பின்பக்கமும் தெரிந்தது.

“சொல்லிட்டேன் தம்பி. அவருக்கு முன்னாடியே தெரியுமாம். தெரிஞ்சேதான் வேலி.”

அசரியா முதலில் தூண்களைப் பார்த்தான். பிறகு சீட்டுகளை. விசிலை விரலில் சுற்றினான்.

“தேறட்டும், அப்பால சொல்லிக்கலாம்னுதான்க்கா நான் சொன்னேன். வீட்டுக்கு வந்து எம்மாம் நாளாச்சு? கல்லு வந்து எறங்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

“தப்புதான் தம்பி. இத்தயாவது வாங்கிக்க.”

“வாணாம்க்கா. நான் கண்டக்டரு. கியிச்சி குடுத்த டிக்கெட்ட திருப்பி வாங்கறதில்ல.”

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தான். பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. அவன் ஏரிக்கரையைப் பார்த்துப் போனான்.

“தம்பி, கம்பி நாளைக்குத்தான கட்டறாங்க! இன்னிக்கு இப்படியே போயேன்!”

“போவட்டும்க்கா. இன்னிக்கே பயகிக்கிறேன்.”

கரை ஏறுகிற இடத்தில் சேறு. யூனிஃபாரம் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான் அசரியா. கிளியம்மாள் பாதை நடுவில் நின்று, அவன் கரையின் வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் பக்கமிருந்து அப்பாதுரை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.